கண்ணாடிக்கடை அக்காவின் ஞாயிறு ஐந்து

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்கு முன்னறைதான் தெரியும். வரிசை வரிசையாக ஃபிரேம்கள், முகம் பார்க்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள், எல்லா முகத்துக்கும் எல்லா ஃபிரேமும் பொருந்துகிறது என்று வாய் கூசாமல் சொல்லும் முதலாளி. திரைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவள் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு உரசி எடுப்பது அவள் வேலை. சக்கரம் சுற்றும்; அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்; கீழே தொட்டியில் வெள்ளைச் சேறு படியும். நடுப்புள்ளி மயிரிழை விலகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும். அவள் கையால் அப்படி ஒன்று வெளியே போனதாகக் கடையில் யாரும் சொன்னதில்லை.

சக்கரத்தின் இரைச்சலைத் தாங்க முடியாமல்தான் காதில் பாட்டை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். எல்லோரும் கேட்கிற பாட்டுகள் ஒரு வருஷத்தில் அலுத்துவிட்டன. பிறகு யாரும் கேட்காத பாட்டுகளைத் தேடிப் போனாள். இணையத்தில் தாங்களே எழுதி, தாங்களே பாடி, தாங்களே பதிவுசெய்து போட்டுவிட்டு, யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கும் மனிதர்கள் எத்தனை பேர்! நூறு பேர்கூடக் கேட்டிராத பாட்டாகப் பார்த்துப் பார்த்துத் திறப்பாள். ஒரு பாட்டின் கீழே நன்றி சொல்லியிருக்கும் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரிடம் போவாள். அங்கிருந்து இன்னொருவர். நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து பாடும் ஒரு நர்ஸை அப்படித்தான் கண்டுபிடித்தாள். துணிக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர் குளியலறையில் பதிவுசெய்த புல்லாங்குழலும் அப்படிக் கிடைத்ததுதான்.

கேட்டதைத் தனக்குள் வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. ‘ஞாயிறு ஐந்து’ என்று ஒரு பக்கம் தொடங்கினாள். வாரத்துக்கு ஐந்து பாட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. “இரண்டாவது சரணத்தில் இந்தப் பெண் மூச்சு வாங்குவது கேட்கும். அதை வெட்டாமல் விட்டதற்காகவே இவளை எனக்குப் பிடிக்கிறது” என்பது மாதிரி எழுதுவாள். படத்துக்கு ஒரு மூக்குக் கண்ணாடியைப் போட்டிருந்ததால் படிக்கிறவர்கள் அவளைக் கண்ணாடிக்கா என்றார்கள். ஆறு வருஷத்தில் ஆறாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். நர்ஸின் பாட்டை அவள் பரிந்துரைத்த வாரம் அதை நாலாயிரம் பேர் கேட்டார்கள். பக்கத்தின் உச்சியில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: “கடைசி வினாடிவரை கேட்காத பாட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை.”

அவளுக்கு ஒரு தம்பி. ஒன்பது வயது சின்னவன். அம்மா போன பிறகு அவளே தலைவாரி, அவளே அடித்து, அவளே சமாதானம் செய்து வளர்த்தவன். ஏசி மெக்கானிக். அவனும் பாடுவான். வேலை முடிந்து வந்து கிடாரை மடியில் போட்டுக்கொண்டு ஏதாவது கட்டுவான், இணையத்தில் ஏற்றுவான். பதினொரு பாட்டு ஏற்றியிருந்தான். அவள் பதினொன்றையும் முழுசாகக் கேட்டவள். அவளுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மெட்டெல்லாம் எங்கேயோ கேட்ட மெட்டாக இருந்தது. வரிகள் எதுகைக்காக வந்து உட்கார்ந்திருந்தன.

தம்பி கேட்கவே மாட்டான் என்று நினைத்திருந்தாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டான்.

“ஏன்க்கா, ஊர்ல இருக்கறவன் பாட்டெல்லாம் உன் அஞ்சுல வருது. என் பாட்டு ஒண்ணுகூட வரலையே?”

அவளுக்குக் கை அப்படியே நின்றது. “சொந்தத் தம்பி பாட்டைப் போட்டா நாலு பேரு என்னடா சொல்லுவாங்க? உறவுக்காரன்னு தூக்கி வைக்கறாள்னு பேசுவாங்க. அப்புறம் நான் சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க.”

“அதுவும் சரிதான்” என்றான் தம்பி. அவன் முகம் தெளிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டான். அந்தத் தெளிவைப் பார்த்து, சொன்ன பொய்க்காக அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

அதற்கு ஒரு வருஷம் கழித்துக் கடைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பள்ளிக்கூடங்களில் கண் பரிசோதனை நடத்தி, நானூறு பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் கண்ணாடி கொடுக்க வேண்டும். முதலாளி திரையை விலக்கி விலக்கி எட்டிப் பார்த்தார். அவளுக்கு முதுகு விட்டுப்போயிற்று. அந்த வாரம் ‘ஞாயிறு ஐந்து’ பக்கத்தில் சேர்க்கச் சொல்லி அறுபத்துமூன்று பாட்டுகள் வந்திருந்தன. மதியம் டிபன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினாள். ‘வெளிக்காற்று’ என்ற பெயரில் ஒருவர் ஒரு பாட்டு அனுப்பியிருந்தார். ஐந்து நிமிஷப் பாட்டு. அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு குரல். பெரிய பாடகர்கள் நாலைந்து பேரைக் குழைத்த மாதிரி. நாற்பதாவது வினாடியில் நிறுத்திவிட்டாள். அதுவரை எந்தப் பாட்டுக்கும் அப்படிச் செய்ததில்லை. இதில் மிச்சம் என்ன இருந்துவிடப் போகிறது என்று பட்டது. ஒரு கையில் கரண்டியோடு மறுகையால் பதில் அடித்தாள்:

“பாடலைக் கேட்டேன். புகழ்பெற்ற குரல்களின் நிழலாக இருக்கிறது. உங்கள் சொந்தக் குரல் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. சேர்க்க இயலாது. மன்னிக்கவும்.”

அனுப்பிவிட்டு மறந்தும் போனாள்.

நாலு மாசம் கழித்துத் தம்பி மனைவி கடைக்கு வந்தாள். ஆறாம் மாசம் அவளுக்கு. தலைவலிக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாள். முதலாளி பரிசோதித்து முடித்ததும், திரையை விலக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். பாட்டை விட்டுட்டாரு. கிடாரைக்கூட வேலை செய்யற இடத்துல யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டாரு. வயித்துல இருக்கறதுக்காவது ஒரு பாட்டுப் பாடுங்கன்னேன். எழுந்து வெளிய போயிட்டாரு.”

“எப்போலேருந்து?”

“நாலு மாசம் இருக்கும். நீங்க ஏதோ எழுதியிருந்தீங்களாமே? அதுலேருந்துதான்.”

“நானா? நான் அவனுக்கு என்ன எழுதினேன்?”

தம்பி மனைவி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “வேற பேர்ல அனுப்பினாரே அண்ணி. தம்பின்னு தெரியாம இருந்தா அக்காவுக்குச் சங்கடம் இல்லன்னு சொல்லி. வெளிக்காற்றுன்னு.”

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. லென்ஸ் ஒன்று கிறீச்சிட்டு ஓரம் உடைந்தது. அவள் சக்கரத்தை நிறுத்தினாள்.

தம்பி மனைவி போன பிறகு, பழைய செய்திகளைத் தோண்டி அந்தப் பாட்டை எடுத்தாள். பாட்டை அவன் இணையத்திலிருந்து எடுத்திருப்பான் என்று பயந்தாள். எடுக்கவில்லை. கேட்டவர்கள் எண்ணிக்கை ஏழு. காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கரகரப்புக் குரல் ஒரு நிமிஷம் பாடியது, இரண்டு நிமிஷம் பாடியது. தான் எழுதியது தப்பில்லை என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டது. மூன்றாவது நிமிஷம் எல்லா வாத்தியமும் நின்றது. யாரோ தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். பிறகு தம்பி பாடினான். எந்தப் பூச்சும் இல்லாத குரல், கொஞ்சம் மூக்கடைத்த குரல். சின்ன வயதில் ஒரே ஒரு இயர்போன்தான் இருந்தது அவர்களிடம். அதன் ஒரு முனையை அவள் காதிலும் மறுமுனையை அவன் காதிலும் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். அதைத்தான் பாடினான். கம்பி நீளாது என்பதால் தலையோடு தலை ஒட்டி உட்கார வேண்டியிருந்ததையும், அவள் எழுந்து போனால் தன் காதிலிருந்து பாட்டு பிடுங்கிக்கொண்டு போகும் என்பதையும் பாடினான். எதுகை இல்லை, மோனை இல்லை. கடைசி வரியில் குரல் கொஞ்சம் பிசிறியது. அதை வெட்டாமல் விட்டிருந்தான்.

முதலாளி திரையை விலக்கினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையை மூடினார்.

மறுநாள் மதியம் தம்பி வேலை செய்யும் இடத்துக்கே போனாள். ஒரு அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி. ஏசியின் வெளிப்பெட்டிகள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

“என்னக்கா இங்க? வீட்ல ஏதாவது...”

“ஒண்ணுமில்ல. உன் பாட்டை நேத்துதான்டா கேட்டேன். முழுசா.”

அவன் கை நிற்கவில்லை. “முன்னாடியே கேட்டுப் பதிலும் போட்டியே.”

“அப்போ முழுசா கேக்கல.”

“எங்க நிறுத்தினே?”

“நாப்பது செகண்ட்ல.”

தம்பி பிரஷ்ஷைக் கீழே வைத்தான். பெட்டிகளின் இரைச்சலில் அவன் மெதுவாகப் பேசியது பாதிதான் கேட்டது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கடைசியில என் குரலைக் கேட்டதும் நீ சிரிச்சுக்கிட்டே போன் பண்ணுவேன்னு நினைச்சேன்க்கா. ரெண்டு நாள் போனைக் கையிலயே வெச்சிருந்தேன். அப்புறம் உன் பதில் வந்துது. நான்தான்னு தெரிஞ்சும், நீ யாரோ ஊர் பேர் தெரியாதவனுக்கு எழுதற மாதிரி எழுதிட்டேன்னு நினைச்சேன். சொந்தக் குரல் எதுன்னு தெரியலன்னு வேற எழுதியிருந்தே.”

“சத்தியமா தெரியாதுடா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“என்னன்னு கேக்கறது?” அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். “சரி, இப்போ ஒண்ணு கேக்கறேன். முதல்ல போட்ட பதினொரு பாட்டும்... உறவுக்காரன்னுதான் போடலியா?”

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. அந்தப் பதினொன்றும் அருமை என்று சொல்லிவிட்டால் இந்த மதியம் எப்படியோ கடந்துவிடும். ஆனால் அவன் கண் அவள் கண்ணை விடவில்லை.

“இல்லடா. அதெல்லாம் எனக்குப் பிடிக்கல. சொல்லத் தைரியம் வரல.”

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. தலையை ஆட்டினான், ரிப்பேர் எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி. “இதை அப்பவே சொல்லியிருக்கலாம்க்கா. திருத்திக்கிட்டிருப்பேன்.”

“கடைசி ரெண்டு நிமிஷம் மாதிரி நான் இதுவரைக்கும் கேட்டதில்லடா. இந்த ஞாயித்துக்கிழமை போடறேன். அஞ்சு இல்ல, அது ஒண்ணை மட்டும்.”

“வேணாம்.” பிரஷ்ஷை மறுபடியும் எடுத்தான். “இப்போ போட்டா, பாவம் பார்த்துப் போட்டதா இருக்கும். உனக்கே அப்படித்தான் இருக்கும். விட்டுடு. வெயில்ல நிக்காத, கீழ போ.”

அவள் அதைப் போடவில்லை. அந்த ஞாயிறு பாட்டே இல்லாமல் ஒரு குறிப்பு எழுதினாள்: ஒருவரின் பாட்டை நாற்பது வினாடி கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னேன், பக்கத்தின் உச்சியில் இருக்கும் வரி பொய்யாகிவிட்டது, இனி யாருக்கும் பாட்டுச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள். மனுஷங்கதானே அக்கா என்றார்கள். கார் நர்ஸ் தனியாக ஒரு கடிதமே எழுதினாள். முன்பு மறுக்கப்பட்ட ஒருவர், “என் பாட்டை எத்தனை வினாடி கேட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டிருந்தார். அந்தப் பாட்டை அவள் முழுசாகத்தான் கேட்டிருந்தாள். அதைச் சொன்னால் அவர் நம்புவார் என்று தோன்றவில்லை. பதில் போடாமல் பக்கத்தையே நிரந்தரமாக மூடிவிட்டாள்.

தம்பி அவளோடு பேசாமல் இருந்துவிடவில்லை. வாரம் ஒரு தடவை வந்தான். அவள் வீட்டு ஏசியைக் கழுவிக் கொடுத்தான். பெண் குழந்தை பிறந்ததும் முதலில் அவள் கையில்தான் கொடுத்தான். பாட்டைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. ஒருநாள் அவன் முன்னால் அவள் போனில் ஏதோ பாட்டு தற்செயலாக ஓடத் தொடங்கியபோது, இரண்டு பேருமே அதை நிறுத்தக் கை நீட்டினார்கள்.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்த அன்று தம்பி வீட்டில் இருபது பேர் கூடியிருந்தார்கள். மெழுகுவர்த்தி ஊதி, கேக் வெட்டி முடிந்ததும் அவனோடு வேலை பார்க்கும் ஒருவர், “நம்ம ஆள் முன்னாடியெல்லாம் பாடுவாரே, புள்ளைக்காக ஒண்ணு எடுத்து விடுங்களேன்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தம்பி குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு சிரித்தான்.

“எனக்கு எங்கங்க பாட வரும்? சும்மா ஏதோ கத்திக்கிட்டிருந்தேன்.”

ஒருவரும் வற்புறுத்தவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. தம்பி மனைவி மட்டும் கூட்டத்துக்கு மேலாக அக்காவைப் பார்த்தாள். அக்கா காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து, தண்ணீர் விழும் சத்தத்தில், எல்லாத் தட்டையும் கழுவி முடிக்கும்வரை வெளியே வரவில்லை.