இரவல்காரிக்கு இரண்டு மச்சம்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெண் சீட்டுக்கட்டு வரைகிறாளாம், அதில் யார் முகம் ஏறுகிறதோ அவர் மூன்றே நாளில் காய்ச்சலில் விழுந்துவிடுகிறாராம். காஞ்சிபுரத்தில் இப்படி ஒரு பேச்சு. தெருமுனை டீக்கடையில் வெறும் காய்ச்சலாக இருந்தது, பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் வாந்தியும் ஒரு ஆம்புலன்ஸும் சேர்ந்துகொண்டன. விசாரித்துப் பார்த்ததில் சீட்டுக்கட்டு உண்மை. முகம் உண்மை. முகத்துக்குச் சொந்தக்காரி நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததும் உண்மை. காய்ச்சல் மட்டும்தான் பொய்.

சீட்டு வரைந்தவள் தேவிப்ரியா. ஒரு பட்டுக்கடைக்குக் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறவள், வயது இருபத்தொன்பது. பத்து வருடமாக மாங்காய், மயில், யாளி, மறுபடி மாங்காய். மாங்காயிலிருந்து தப்பிக்க அவள் ஒரு நாட்டையே உண்டாக்கி வைத்திருந்தாள். பெயர் ஏழுமடி. ஏழாக மடித்துப்போட்ட துணி மாதிரி ஒரு பூமி, மடிப்புக்கு ஒரு ஊர். மேல் மடிப்பில் திங்கட்கிழமை உதிக்கிற சூரியன் அடிமடிப்புக்கு வர வெள்ளிக்கிழமை ஆகும். அந்த நாட்டுக்குத்தான் டாரட் சீட்டு வரைந்தாள். நம் ஊர்க் கிளி எடுக்கிற சீட்டுக்கு அது தூரத்துச் சொந்தம். கிளி கிடையாது, நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். நேராக வந்தால் ஒரு பலன், தலைகீழாக வந்தால் வேறு பலன்.

குடையில்லாத ராஜா, உப்புக் கப்பல், கணக்கு மறந்த யானை என்று வரிசையாக வந்தார்கள். பதினான்காவது சீட்டு இரவல்காரி. ஏழு மடிப்பிலும் கதவு கதவாகத் தட்டி எதையாவது கேட்டு வாங்கி மூட்டையில் போட்டுக்கொள்கிறவள். திருப்பித் தரமாட்டாள். அவளுக்கு மட்டும் முகம் அமையவில்லை. மூன்று நாள் வரைந்து வரைந்து அழித்தாள்.

நான்காம் நாள் மத்தியானம் பக்கத்து வீட்டு அம்சா கறிவேப்பிலை கேட்டு வந்தாள்.

அம்சா, தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால் பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துக் கொடுக்கிறவள். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவள் வீட்டில் மிளகாய் எப்போது தீரும் என்பதை மட்டும் தவறவிட்டுவிடுவாள். வாரத்துக்கு மூன்று முறை வருவாள். "தேவி, ரெண்டு பச்சமொளகா இருக்குதாம்மா?" இரண்டுதான் கேட்பாள். அன்றைக்குக் கறிவேப்பிலையை முறத்தில் வாங்கிக்கொண்டவள், "துன்னியா இல்லியா, மூஞ்சி இப்டி கெடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பத்தாவது நிமிஷம் ஒரு கிண்ணத்தில் காராமணிக் குழம்போடு திரும்பி வந்தாள்.

தேவிப்ரியா அந்தக் குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டபடியே, இடது கையால் திரையில் அம்சாவின் கன்னத்தைப் போட ஆரம்பித்தாள். நீலத் தலைமுடி வைத்தாள். வெள்ளிக் கொம்பு வைத்தாள். கொம்பு வைத்த பிறகு யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். சீட்டுக்கு அடியில் ஒரு வரியும் எழுதினாள்: 'இவள் கதவைத் தட்டினால் உள்ளதை இல்லை என்று சொல்.'

புடவை பார்டரில் பூவைப் பாதி வரைந்தால் போதும், மறுபாதியைக் கம்ப்யூட்டர் கண்ணாடியில் காட்டின மாதிரி போட்டுக்கொள்ளும். கை பழக்கம். இரவல்காரியையும் பாதிதான் வரைந்தாள். அம்சாவுக்கு வலது கன்னத்தில் பட்டாணி அளவு மச்சம். சீட்டில் அது இரண்டு கன்னத்திலும் ஏறியது. மறைக்க வைத்த கொம்பு இரண்டு, காட்டிக்கொடுக்க மச்சமும் இரண்டு.

மாதிரி அச்சு பார்க்க, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற முனுசாமியிடம் கொடுத்தாள். அவர் ஒரு தாள் கூடுதலாக அடித்தார். நல்ல கனமான தாள், குப்பையில் போட அவருக்கு மனசு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு கங்கையம்மாள் அந்தத் தாளோடு வந்து நின்றாள். ஓரமெல்லாம் மஞ்சள்.

"இது நீ போட்டதாமே?"

"உங்களுக்கு எப்டிக்கா கெடச்சுது?"

"எம் பொண்ணு பத்திரிகைய முனுசாமி இதுலதான் சுத்திக் குடுத்தாரு. மஞ்சா தடவ நாலு பேர கூப்ட்டிருந்தேன். கட்டப் பிரிச்சது அம்சாதான். 'யாருடி இவ, கொம்பு வெச்ச அம்சா'ன்னு எங்க நாத்தனா கேட்டா. சிரிச்சோம். அம்சாவுந்தான் சிரிச்சா. அப்புறம் எம் பொண்ணு கீழ எழுதிக்கிறத சத்தமா படிச்சுட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. பாதி கட்டுலயே எழுந்துட்டா. காய்ச்சல் வராப்ல இருக்குதுன்னா. நாலு நாளாச்சு, வேலைக்கும் போவல."

நான்கு நாளாகத் தன் கதவை யாரும் தட்டவில்லை என்பது தேவிப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நிம்மதியாக வேலை ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காது மடல் சுட்டது. கங்கையம்மாள் போன பின்பும் சுட்டுக்கொண்டே இருந்தது.

போனாள். அம்சாவின் கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோது தான் எழுதின வரி நினைவுக்கு வந்து கை நின்றது. பிறகு தட்டினாள்.

அம்சா திறந்தாள். நெற்றியில் பற்றும் இல்லை, கம்பளியும் இல்லை.

"உக்காரு."

"அக்கா, அந்தப் படம்..."

"எனக்கு மச்சம் ஒண்ணுதான் தேவி. எப்பவும் நாந்தான் கேட்டு வாங்குவேன். நான் கேக்காமலே நீ ஒண்ணு சேத்துக் குடுத்துட்ட."

சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

"மாத்திட்றேன்க்கா. முகத்தையே எடுத்துட்றேன்."

"எடுக்காத. அம்சா சண்ட போட்டு எடுக்க வெச்சான்னு அதுக்கு வேற பேசுவாங்க. நான் நாலு வூட்டுக்குள்ள பூந்து வேல செய்யறவ. தறிக்காரங்க கதவத் தொறக்கணும் எனக்கு." முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "நான் வந்து நின்னா உங்களுக்குல்லாம் அப்டியாம்மா இருக்குது?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் தேவிப்ரியா. உள்ளதை இல்லை என்று சொல்வதாக ஆகிவிடும். மன்னிப்பும் கேட்காமலே எழுந்து வந்தாள்.

வரியை அழித்தாள். இரண்டாவது மச்சத்தையும் அழித்தாள். மச்சம் போன பிறகு முகம் அச்சு அசல் அம்சாவாகிவிட்டது, அதனால் முகத்தையும் அழித்தாள். இன்ஸ்டாகிராமில் நூற்றுப் பதினேழு பேர் கட்டு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுபத்தெட்டில் எழுபத்தேழு சீட்டு தயார். பதினான்காவதில் கொம்பும் மூட்டையும் நீல முடியும் இருக்கின்றன, நடுவில் வெறும் வெள்ளை.

அம்சா மறுநாளே வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். தறிக்காரர்கள் கதவைத் திறக்கத்தான் செய்தார்கள். ஒருவர் மட்டும், "என்னா அம்சா, மூட்டைய எங்க காணோம்?" என்று கேட்டாராம். இப்போதெல்லாம் அவள் தேவிப்ரியாவின் வாசலைத் தாண்டிக் கடைக்குப் போகிறாள். இரண்டே பச்சைமிளகாயை எந்தக் கடைக்காரனும் விற்கமாட்டான் என்பதால் கால் கிலோ வாங்கி வருகிறாள். பை தெரியும்படியாகவே பிடித்துக்கொள்கிறாள். பார்த்தால், "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிறாள். நிற்பதில்லை.

தேவிப்ரியாவின் சமையலறை மேடையில், 'அம்சா 12.6.98' என்று பெயர் வெட்டின குழம்புக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. ஒரு நாள் சர்க்கரை போட்டுப் பார்த்தாள், கொட்டிவிட்டாள். ஒரு நாள் கறிவேப்பிலை நிரப்பினாள், குத்திக்காட்டுகிற மாதிரி இருந்தது, அதையும் எடுத்துவிட்டாள். எதைப் போட்டு அனுப்புவது என்று இன்னும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற அம்சாவும் கிண்ணத்தை மட்டும் கேட்கவில்லை.