ஒற்றைக் கண்ணில் மட்டும் பீளை

அந்தக் கோடையில் துடியலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு மெட்ராஸ் ஐ. எங்கள் தோட்டத்தில் முதலில் அப்பாவுக்கு வந்தது, பிறகு அம்மாவுக்கு, கடைசியில் எனக்கு. நாங்கள் மூவரும் தேறிய வாரத்தில், ஆட்டுப்பட்டிக்குக் காவல் கிடக்கும் எங்கள் செவலை நாயின் கண்ணிலும் பீளை தள்ளியது. நம்மிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அப்பா எங்களுக்கு வாங்கிய சொட்டு மருந்தில் மீந்ததை அதன் கண்ணில் விட்டார். தானாகப் போய்விடும் என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்போது கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். படித்தது கணக்குதான், ஆனால் இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட எனக்குத் தெரியும். எங்களுக்கு இரண்டு கண்ணும் சிவந்தன. நாய்க்கு ஒன்று மட்டும். எங்களுக்கு நாளாக நாளாகக் குறைந்தது, அதற்குக் கூடியது. முதலில் தண்ணீராக வடிந்தது, மறுநாள் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு இமையை ஒட்டிவிட்டது. ஈரத்துணியால் துடைக்கப் போனால் தலையை இழுத்துக்கொண்டது. வெயிலுக்கு வராமல், சோளத்தட்டுப் போரின் நிழலில் முன்னங்காலால் கண்ணைத் தேய்த்தபடி கிடந்தது. இப்படியே விட்டால் அந்தக் கண் போய்விடும் என்று தோன்றியது.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வேலிக்கு அந்தப் புறம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாயைப் போயி ஆராச்சும் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? ஒரு கூலிங்கிளாஸ் வாங்கி மாட்டி உடுங்க, டாக்டரம்மா."

அப்பா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு கண்ணு இப்படி மூடிக் கெடந்தா உட்டுருவீங்களாங்கப்பா?"

அப்பா மொபெட்டிலிருந்து பால் கேன்களை இறக்கி வைத்தார். நாயைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் மாடுகளுக்கு நடுவே எங்களைப் பார்க்காதவர்கள் இல்லை. மருத்துவர் மரத்துப்போகும் மருந்து விட்டு, இமையை விலக்கி, கண்ணின் உள்மூலைச் சவ்வுக்கு அடியிலிருந்து இடுக்கியால் எதையோ இழுத்தார். ஊசிப்புல்லின் முனை. பட்டியைச் சுற்றி முளைத்துக் காய்ந்து நிற்கும் அதே புல். கண்ணில் கீறல் விழுந்திருப்பதைக் காட்டினார். இனிமேல் கண்ணில் இலேசாகத் தண்ணீர் மட்டும் வடிந்து, நாயும் எப்போதும்போல் ஓடியாடினால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை வந்தாலும், கண்ணைத் திறக்காவிட்டாலும், கருவிழி மங்கினாலும் உடனே கொண்டுவர வேண்டுமாம். மனிதர்களின் சொட்டு மருந்தை விடவே கூடாது, சிலது புண்ணை இன்னும் ஆழமாக்கிவிடும் என்றார். அப்பா தரையைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தா கண்ணுல பூ உழுந்திருக்குமுங்க. ஆரு கவனிச்சது?" என்று கேட்டார் மருத்துவர்.

"எங்க அம்மிணிதானுங்க," என்றார் அப்பா, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

கொடுத்த களிம்பைத் தவறாமல் போட்டோம். வாரம் முடிவதற்குள் நாய் இரண்டு கண்ணையும் திறந்து, என் கல்லூரிப் பையைப் பார்த்து வழக்கம்போலக் குரைத்தது. அன்றைக்கே களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பட்டியைச் சுற்றியிருந்த ஊசிப்புல்லைக் கொத்த ஆரம்பித்தேன். அப்பா மறுமுனையிலிருந்து கொத்திக்கொண்டு வந்தார்.

வேலிக்கு அந்தப் புறம் பெரியம்மா வந்து நின்றார். "ஏனுங்க டாக்டரம்மா, இப்பப் புல்லுக்கும் வைத்தியமா?"

"ஆமாங்க பெரீம்மா. உங்க வேலியோரத்துலயும் நெறைய நிக்குது. களைக்கொத்து எடுத்துட்டு வாங்க."


முணுமுணுத்துக்கொண்டே போனவர், களைக்கொத்தோடு திரும்பி வந்தார்.