பஞ்சர் கடை தாஜுதீனின் சொல்யூஷன் டப்பா

அரியமங்கலத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தாஜுதீனைப் போல ஒழுக்கமான ஆள் கிடையாது என்று தெருவே சத்தியம் செய்யும். பீடி கிடையாது, குடி கிடையாது, வெற்றிலை பாக்குகூடக் கிடையாது. பள்ளிவாசல்காரர்கள் போதை ஒழிப்புக் கூட்டம் போட்டபோது மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியது அவருக்குத்தான். மனுஷர் சட்டைப் பையில் சொல்யூஷன் டப்பாவோடுதான் மேடையேறினார்.

டியூபில் ஒட்டுப் போடுகிற பசைக்குத்தான் சொல்யூஷன் என்று பெயர். அடிக்கடி டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்துக்கொண்டு, "சரக்கு நல்லாருக்கான்னு மோந்து பார்க்கிறேன்" என்பார். சரி, தொழில். ஆனால் வண்டியே வராத நாளிலும், கடை சாத்தியிருக்கும் வெள்ளிக்கிழமையிலுமா தரம் பார்ப்பார்கள்? கேட்டால் கோபம் வேறு. "குடிச்சேனா? புகைச்சேனா? மோந்து பார்த்தா ஹராமாய்யா?"

தலைவலி வந்தது, விரல்கள் மரத்துப்போயின, நடை தள்ளாடியது. கண்ணேறுதான் என்று மனைவி கமர் ஜஹான் மிளகாய் சுற்றிப் போட்டாள். ஒருநாள் கடையில் அவர் போன் அடித்தது. எங்கோ காற்று இறங்குகிறது என்று அதைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் செய்தவள் கமர் ஜஹான்தான்.

விஷயம் தெரிந்து கடைக்கு ஓடிவந்தவள், அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். "குடிப்பீங்களா?" என்று கேட்ட டாக்டரம்மாவிடம் தாஜுதீன் பொன்னாடைக் கதையைச் சொன்னார். அந்தம்மா அவர் சட்டைப் பக்கம் மூக்கை நீட்டிவிட்டு, "இதுவும் போதைதாங்க. மூளையையும் நரம்பையும் அரிச்சுரும். திடீர்னு இதயமே நின்னுரலாம். இன்னையோட விடுங்க" என்றார். விட்டுவிட்டேன் என்றார் தாஜுதீன். விட்டாரா? எங்கே!

மகள் ஷாஜியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிக்காஹ் சபையில் பெண் இருக்க மாட்டாள். தகப்பன்தான் அவள் பேரைச் சொல்லி ஒப்புக்கொடுக்க வேண்டும். "அத்தா, உங்க வாயாலதான் என் பேரைச் சொல்லணும், வேற யாரும் வேணாம்" என்றிருந்தாள். பிரியாணி தீய்ந்தாலும் தீயட்டும், இது மட்டும் பிசகக் கூடாது என்று டயர் கழற்றும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கல்யாணத்தன்று காலை, தைரியத்துக்கு என்று டப்பாவை ஒரு தடவை மோந்துவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போனார்.

"பொண்ணு பேரைச் சொல்லுங்க" என்றார் நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத்.

"என் மகள் கமர் ஜஹானை..."

சபை குலுங்கியது. "மச்சான், பொண்டாட்டியையே கட்டிக் குடுக்கறீங்களே!" என்று மைத்துனன் ஜமீல் தொடையில் தட்டினான். மாப்பிள்ளை முகத்தில் நிஜமாகவே பீதி. தாஜுதீனும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே தேடினார். நாக்கில் இல்லை, நெஞ்சில் இல்லை, எங்குமே இல்லை. ஜமீலின் காதருகே குனிந்தார்.

"ஜமீலு, புள்ள பேரு என்னடா?"

ஜமீலின் சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாகச் சொல்லிக் கொடுத்தான். அவர் அதைத் திருப்பிச் சொல்ல, நிக்காஹ் முடிந்தது.

அவரும் ஜமீலும் பெண்கள் பக்கம் போவதற்குள் விஷயம் அங்கே சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருந்தது. ஷாஜியா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்புறம் என் பேரை நீங்களா சொன்னீங்களா அத்தா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. "மாமாதான் சொல்லிக் குடுத்தான்மா" என்று எல்லார் முன்னாலும் விம்மி விம்மி அழுதார்.

ஷாஜியா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "பரவாயில்லத்தா. இப்ப சொல்லுங்க."

தாஜுதீன் வாயைத் திறந்தார். பிறகு, ஜமீல் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்.