பெரிய வெள்ளியன்று கழற்றிய ஸ்டார்ட்டர்

நான் வாடகைக்கு வான் ஓட்டுகிறவன். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு ஒரு பழைய டீசல் வானை வாங்கி, கீரியிலிருந்து மன்னார் டவுனுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அதிகம் கதைக்கத் தெரியாதவனுக்கு அது தோதான தொழில். பிள்ளைகள் தங்களுக்குள் கதைப்பார்கள். நான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

ஒரு வருசம் தவக்காலம் தொடங்கிய கையோடு வானில் ஒரு கோளாறு தொடங்கியது. துளையில் திறப்பைப் போட்டுத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். எஞ்சின் சுற்றாது. முதலில் பற்றரியைத்தான் சந்தேகித்தேன். கடற்கரை ஊரில் பற்றரி முனைகளில் உப்புப் பூத்து வெள்ளையும் பச்சையுமாக நிற்பது வழக்கம். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, தேய்த்துத் துடைத்துப் பூட்டினேன். அதே டிக். முன் விளக்குகளைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்பிப் பார்த்தேன். பற்றரி பலவீனம் என்றால் அந்த நேரம் வெளிச்சம் மங்கவேண்டும். மங்கவில்லை. வேலியில் விழுந்த வெளிச்சம் அப்படியே நின்றது. அப்படியென்றால் பற்றரியில் பிழை இல்லை, எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் கரண்டை வாங்குவதில்லை. கீழே படுத்து, அதன் முதுகில் ஓர் இரும்புத் துண்டால் மெல்லத் தட்டிவிட்டு வந்து திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. மோட்டாருக்குள்ளே கரண்டைக் கடத்தும் காபன் துண்டு தேய்ந்துபோனால் அப்படித்தான். தட்டத் தட்டக் கொஞ்சக் காலம் எழும்பும், பிறகு எழும்பாது.

அது தெரிந்தும் நான் தட்டிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் என் மனைவியின் தமையன். உப்புக்குளத்தில் கராஜ் வைத்திருந்தார். அவரிடம் கேட்காமல் நான் வானை வாங்கிவிட்டேன். முதல்நாள் கொண்டுபோய்க் காட்டியபோது அதை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, கராஜில் நின்ற ஆட்களுக்கும் கேட்கும்படி, "மச்சான், இதை நீ வாங்கினனியோ, இல்லாட்டி ஆரும் உன்ர வளவுக்க கொண்டுவந்து போட்டிட்டு ஓடிட்டினமோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எந்தப் பழுதுக்கும் நான் அங்கே போகவில்லை. தெரிந்ததை வீட்டிலேயே படுத்துக் கிடந்து செய்துகொண்டேன்.

எங்களுக்கு அடுத்த வளவில் ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை. அவருடைய மூத்த மகளுக்குக் கட்டாரில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை சரிவந்திருந்தது. பெரிய சனிக்கிழமை பின்னேரம் விமானம். அதைத் தவறவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று ஏஜென்சிக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா வேலியில் நின்று என்னைக் கேட்டார்.

"தம்பி, கட்டுநாயக்கா எயர்போட் வரைக்கும் உங்கட வான் தாங்கும்தானே? தாங்காதெண்டா இப்பவே சொல்லுங்கோ, கோவிக்கமாட்டன்."

"தாங்கும் அக்கா."

தாங்கும் என்று சொல்லுவது எனக்கு இலகுவாக இருந்தது. தாங்காது என்றால் ஏன், எதற்கு என்று விளக்கவேண்டும்.

பெரிய வியாழன் பின்னேரம் தட்டியும் அது எழும்பவில்லை. ஸ்டார்ட்டரில் இருக்கும் இரண்டு தடித்த முனைகளையும் ஸ்க்ரூ ட்ரைவரால் ஒன்றாகத் தொட்டுப் பார்த்தேன். உயிருள்ள மோட்டார் என்றால் பொறி பறந்து உறுமவேண்டும். ஒன்றுமில்லை. முடிந்துபோயிருந்தது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால் எங்கள் ஒழுங்கை முழுக்க மணல். வான் உருள முன்னமே டயர் புதைந்துவிடும். அப்படித் தள்ளவும் நாலு பேரைக் கூப்பிடவேண்டும்.

அக்காவிடம் சொல்லிவிடுவோம் என்று வேலி வரைக்கும் போனேன். உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். "மிளகாய்த்தூளை உடுப்புக்குள்ள சுத்தி வை பிள்ளை. அங்கத்தையத் தூள் உறைக்காதாம்," என்று அக்கா சொல்வது கேட்டது. மகள் சிரித்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பெரிய வெள்ளி எங்களுக்குச் சத்தம் இல்லாத நாள். மணி அடிப்பதில்லை, மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கோயிலுக்குக் கூப்பிடுவார்கள். கடலுக்குப் போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரும் சுத்தியலைத் தொடுவதில்லை. அன்று ஆணி அடித்தால் அது சிலுவையில் ஆண்டவரின் கையில் இறங்குகிறது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நானும் என் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அந்த நாளின் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்புக்குளம் போனேன். மச்சான் குளித்து வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். கராஜ் பூட்டியிருந்தது. விசயத்தைச் சொல்ல எனக்கு நிறைய நேரம் பிடித்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தினை நாளா இந்தச் சேட்டை?"

"கொஞ்ச நாள்தான்."

"கொஞ்ச நாள். உனக்கு வாய் இருக்கு மச்சான், சாப்பிட மட்டும் தந்ததில்லை அது." எழும்பிப் போய்க் கராஜைத் திறந்தார். "மூலையில, சிவப்புச் சாக்குக்குப் பக்கத்தில ஒண்டு கிடக்கு. காபன் மாத்தி வைச்சது. நீயே எடு. நான் இண்டைக்கு இரும்பு தொடமாட்டன்."

"வந்து ஒருக்காப் பூட்டித் தாறீங்களே?"

"தொடமாட்டன் எண்டு இப்பதானே சொன்னனான். மேல் போல்ட் இறுகியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடு. முதல்ல பற்றரியின்ர நெகட்டிவ் வயரைக் கழட்டு, எரிஞ்சு கிரிஞ்சு போகாத." பிறகு வாசல் வரைக்கும் வந்து, "சத்தம் போடாமச் செய்," என்றார்.

வீட்டுக்கு வந்து நெகட்டிவ் வயரைக் கழற்றி, ஜக் அடித்து வானை உயர்த்தி, கட்டை முட்டுக் கொடுத்துக் கீழே படுத்தேன். வயர்கள் கழன்றன. கீழ் போல்ட்டும் முனகிக்கொண்டு கழன்றது. மேல் போல்ட் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையில் கைவிட்டுத் தடவித்தான் பிடிக்கவேண்டிய இடத்தில் இருந்தது. உப்புக் காற்றுப் பட்டு அது போல்ட் மாதிரியே இல்லை, சிப்பி ஒட்டின கல் மாதிரி இருந்தது. மண்ணெண்ணெய் விட்டேன். காத்திருந்தேன். ஸ்பனரில் பைப்பைப் போட்டு இழுத்தேன். அசையவில்லை. அந்த மாதிரி இறுகிய போல்ட்டுக்கு ஒரே வழி, ஸ்பனரைப் பூட்டிவிட்டு அதன் வாலில் அடிப்பதுதான். அடி அதிர்ந்து உள்ளே போனால் துரு விடும்.

மனைவி கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். என் கையில் சுத்தியலைக் கண்டாள்.

"நாளைக்குச் செய்யேலாதே?"

"நாளைக்கு விடிய முன்னம் வெளிக்கிட வேணும்."

"அக்காட்டச் சொன்னனீங்களே?"

நான் ஸ்பனரை மறுபடி போல்ட்டில் மாட்டினேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தனியே போனாள்.

எங்கள் வளவின் பின் எல்லைதான் கோயில் மதில். ஒலிபெருக்கியில் ஆண்டவருடைய பாடுகளின் வாசகம் தொடங்கியது. இடையிடையே பெண்கள் ஒப்பாரி இழுத்தார்கள். நான் சுத்தியலின் முகத்தில் பழைய சாரத்துண்டைச் சுற்றிக் கட்டினேன். ஒப்பாரி உயரும்போது மட்டும் அடித்தேன். அது இறங்கினால் நிறுத்தினேன். அப்படி ஒளித்து அடிப்பது வெளிப்படையாக அடிப்பதைவிடக் கேவலம் என்று தெரியும். ஆனாலும் அடித்தேன். துணி கிழிந்து தொங்கியது. ஒரு கட்டத்தில் ஸ்பனர் மயிரிழை அளவு நகர்ந்தது. கண்ணுக்குள் துருத்தூள் விழுந்தது. இனி விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தேன், மறுபடியும் அடித்தேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

ஆண்டவர் தலை சாய்த்து உயிர்விட்டார் என்று வாசித்ததும் வாசகர் நிறுத்துவார். எல்லாரும் முழந்தாளில் விழுந்து பேசாமல் இருப்பார்கள். சின்னக் குழந்தையையும் தாய் வாய்பொத்தி வைத்திருப்பாள். வருசத்தில் அந்த ஒரு இடத்தில்தான் எங்கள் கோயில் அப்படி அடங்கும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த நேரம் நானும் உள்ளே முழந்தாளில் இருந்தவன். அதற்குள்தான் என்னுடைய அடி இரண்டும், துணியில்லாத இரும்பில் இரும்பு பட்டு, மதிலுக்கு மேலால் போயிருந்தது.

போல்ட் கழன்றுவிட்டது. அதன் பிறகு விரலாலேயே சுற்றி எடுத்தேன். கழன்றதில் ஒரு சந்தோசமும் வரவில்லை.

பழைய ஸ்டார்ட்டரையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பல்லுகள் ஒன்றா என்று பார்த்து, தூக்கி நெஞ்சில் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கும்போது கோயில் விட்டது. ஒழுங்கையால் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். வானுக்குக் கீழே இருந்து எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. சில கால்கள் எங்கள் படலையடியில் நின்று, பிறகு போயின. ஒரு கிழவர் குரல், "இவன்தானோ? நான் தச்சு வேலைக்காரனெண்டு நினைச்சன்," என்றது. யாரோ ஒருவர், "பீடத்தடியில சுவாமியாரே நிமிந்து பாத்தவர்," என்றார். இரண்டு கால்கள் மட்டும் படலையைத் திறந்து உள்ளே வந்தன.

"தம்பி, வெளியில வாங்கோ."

வந்தேன். கை முழங்கை வரைக்கும் கறுப்பு. அக்காவின் கண் அழுது சிவந்திருந்தது.

"முழங்காலில நிக்கேக்க என்ர நெஞ்சுக்கையே அடிச்ச மாதிரி இருந்தது. என்ன வேலை இது?"

"சின்ன வேலை அக்கா."

"சின்ன வேலைக்கு ஆரும் இண்டைக்குச் சுத்தியல் தூக்குவினமே?" நிலத்தில் கிடந்த பழைய ஸ்டார்ட்டரைப் பார்த்தார். "வான் ஸ்டார்ட் வராதோ?"

இரண்டில் ஒன்றாகத்தான் நான் நிற்கமுடியும். பெரிய வெள்ளியை மதிக்காதவனாக, அல்லது உடைந்த வானை வைத்துக்கொண்டு தாங்கும் என்று சொன்னவனாக. முதலாவதே எனக்குப் பரவாயில்லைப் போல இருந்தது. குனிந்து ஸ்பனரை எடுத்தேன். பின்னால் வந்த மனைவிதான் சொன்னாள்.

"ஒரு மாசத்துக்கு மேலாப் பழுது அக்கா. உங்கட பிள்ளையைக் கொண்டுபோகத்தான் இந்தாள் கிடந்து அடிக்குது."

அக்கா என்னைக் கேட்டார். "அண்டைக்கு வேலியில நிண்டு கேட்டனான்தானே? கோவிக்கமாட்டன் எண்டும் சொன்னனான்."

"ஓம்."

"பிறகேன்?"

"வெக்கமா இருந்தது அக்கா."

"உங்கட வெக்கத்தை வைச்சு நான் பிள்ளையைப் பிளேன் ஏத்தேலுமே?" அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. அந்த நாளுக்குரிய அடங்கிய குரலிலேயே சொல்லிவிட்டு, வேறு வான் பார்க்கப் போனார்.

நான் பூட்டி முடித்தேன். பற்றரி வயரையும் பூட்டினேன். ஆனால் திறப்பைத் திருப்பிப் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தம் ஒன்றுதான் இனி மிச்சம், அதையும் ஊருக்குக் கேட்கப் பண்ணவேண்டுமா என்றிருந்தது. இருள முன்னம் அக்கா திரும்பி வந்தார். செருப்பெல்லாம் மணல். பெரிய வெள்ளியன்று ஒருவரும் வாடகை பேசவில்லை, பேசியவர்களுக்கும் சனிக்கிழமைக்கு முன்கூட்டியே வேறு ஓட்டம் இருந்தது. வேறு வான் இல்லை என்று கேட்டதும் எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலோடு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போட்டுக் காட்டுங்கோ," என்றார்.

திருப்பினேன். ஒரே பிடியாகப் பிடித்தது. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. அக்கா தலையாட்டவுமில்லை, நல்லது என்று சொல்லவுமில்லை. "நாலு மணிக்கு," என்றுவிட்டுப் போனார்.

விடியப்புறம் வெளிக்கிட்டோம். அக்கா என் பக்கத்துச் சீட்டில், மகள் பின்னால் பெட்டியோடு. பாலம் கடந்து, மதவாச்சியும் கடந்து, அநுராதபுரத்தில் வெளிச்சம் வந்தபோது தேநீர்க் கடையொன்றில் நிறுத்தினேன். எஞ்சினை நிற்பாட்டக் கை போனது.

"நிப்பாட்டாதேங்கோ."

"அது இப்ப நல்லா இருக்கு அக்கா. புதுசு."

"ஓடட்டும்."

மகள், "அம்மா, மாமா பூட்டினவர்தானே," என்றாள்.

"நீ போய்த் தேத்தண்ணி குடி."

ஓடுகிற வானுக்குப் பக்கத்தில் நின்று தேநீர் குடித்தோம். கடைக்காரர் புகையைக் கையால் விசிறிக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். புத்தளத்தில் அக்கா பழம் வாங்க இறங்கியபோதும் எஞ்சின் ஓடியது. ஒருமுறை நிற்பாட்டி, ஒருமுறை போட்டுக் காட்டினால் போதும், அவர் மனம் ஆறும் என்று வழி முழுக்க எனக்கு ஒரு தவிப்பு. அதைக் கேட்கவும் வாய் வரவில்லை. எண்ணெய் அடிக்கும் இடத்தில் என்றால் எஞ்சினை நிற்பாட்டத்தான் வேண்டும், டாங்கை முன்னமே நிரப்பிவைத்ததை நினைத்து நொந்துகொண்டேன்.

விமான நிலையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு காவலாளி வந்து எஞ்சினை நிற்பாட்டச் சொன்னான். நிற்பாட்டினேன். அக்கா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மகளுடைய கழுத்துச் செபமாலையை உள்ளே தள்ளி, மேல் பித்தானைப் பூட்டி, அதைக் கழற்றித் திரும்பவும் பூட்டினார். மகள் என்னிடம் வந்து, "போயிட்டு வாறன் மாமா," என்றாள். நான் தலையாட்டினேன். கண்ணாடிக் கதவு வரைக்கும் பெட்டியை இழுத்துக்கொண்டு போனவள் அங்கே திரும்பிக் கை காட்டினாள். பிறகு ஆட்களோடு ஆளாகிவிட்டாள்.

அக்கா வானுக்கு வந்து இந்த முறை பின் சீட்டில், மகள் இருந்த இடத்தில் இருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் திறப்பைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்தது. இவ்வளவு தூரமும் நான் காட்டவேண்டும் என்று வந்தது அதுதான். அவருக்குக் கேட்டிருக்குமா என்று பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன்.

தலைப்புக்குள் அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தாயொருத்தி அப்படி அழுகிற நேரத்தில் நான் ஸ்டார்ட்டருக்கு ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்த்துக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியை மேல் பக்கம் திருப்பி விட்டேன், மன்னார் வரும்வரைக்கும் அதைத் திருத்தவில்லை.