பேசாப்பட ஹீரோவுக்கு ஒரு சந்தன மாலை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை!

எழுபதுகள். கரமனை அக்ரஹாரம். எங்கள் வீட்டு ஹாலில் சாமி படங்களுக்குச் சமமாக ஒரு படம் தொங்கும்.

முறுக்கு மீசை, தலைப்பாகை, இடுப்பில் கத்தி. பேசாப்பட காலத்து ஹீரோ. என் அப்பாவின் உயிர்.

(சினிமா பேச ஆரம்பித்ததும் அவர் மார்க்கெட் போய்விட்டது. குரல் அப்படியாம்!)

"வாயே தொறக்காம ஊரைக் கட்டிப்போட்டவராக்கும்!" என்பார் அப்பா.

"நீங்களும் ஒரு நாள் அப்பிடி இருந்து பாருங்கோளேன்" என்பாள் அம்மா.

வலியசாலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் படத்தைக் கழற்றச் சொன்னாள் அம்மா. சினிமாப் பைத்தியக் குடும்பம் என்று வரன் தட்டிப்போய்விடுமாம்.

"படம் எறங்கித்துன்னா நானும் படியெறங்கிடுவேன்!" அப்பா மசியவில்லை.

அம்மா விட்டாளா? படத்தின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, மேலே ஒரு சந்தன மாலையைப் போட்டாள். ஹீரோ அப்பாவுக்குக் கொள்ளுத்தாத்தா ஆகிவிட்டார்!

அவர்களும் வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பையனைப் பார்த்தேன். பிடித்துவிட்டது. இவரைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். (வெட்கமாவது ஒன்றாவது!)

காபியோடு நான் ஹாலுக்கு வருகிறேன், பையனின் அம்மா என்னைத் தாண்டிச் சுவரையே பார்க்கிறாள். கையில் பாதி பஜ்ஜி.

"இது ஆராக்கும்?"

"இவரோட கொள்ளுத்தாத்தா" என்றாள் அம்மா, கூசாமல். "போய் ரொம்ப வருஷமாச்சு."

அப்பாவுக்குப் புரையேறியது.

அந்த மாமி எழுந்தே விட்டாள். கண்ணெல்லாம் நீர்.

"என்ன அநியாயம் இது! பம்பாயில ஜீவனோட இருக்கறவருக்கு மாலையா? சின்ன வயசுலேர்ந்து நான் ஆராதிக்கற மனுஷனாக்கும்! மொதல்ல அதைக் கழட்டுங்கோ. பின்னயாக்கும் கல்யாணப் பேச்சு!"

போச்சு, என் கல்யாணம் போச்சு என்று நின்றேன்.

அப்பா ஸ்டூலில் பாய்ந்து ஏறினார். மாலையைக் கழற்றினார். சந்தனத்தைப் புது வேஷ்டியாலேயே துடைத்தார்.

அப்புறம் என்ன! அப்பாவும் மாமியும் குதிரைச் சவாரி, கத்திச்சண்டை, அவர் மாடியிலிருந்து குதித்த அழகு என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு பாட்டுப் பாடு என்றுகூட யாரும் சொல்லவில்லை. பையன் மட்டும் என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தார்.

கிளம்பும்போது மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஸ்ரீதனம் ஒண்ணும் வேண்டாம். பொண்ணோட சேந்து அந்தப் படமும் வரணும்."

அப்பா யோசிக்கவே இல்லை. "பொண்ணை வேணும்னா இப்பவே கூட்டிண்டு போங்கோ. படத்தைத் தரமாட்டேன்!"

பெற்ற அப்பா சொல்கிறார்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமி பையனிடம் திரும்பினாள். "இப்பிடிப் பிடிச்சா விடாத ஆத்துலதான் பொண்ணெடுக்கணும்" என்றாள்.

படம் அப்பா காலத்துக்குப் பிறகுதான் என்னிடம் வந்தது. இப்போது எங்கள் ஹாலில் ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மாமியார், இரண்டு பேருக்கும் சந்தன மாலை.

நடுவில் ஹீரோ. மாலை கிடையாது. மாமியார் உத்தரவு!

வருகிறவர்கள் கேட்கிறார்கள், "நடுவுல இருக்கறவர் இன்னும் இருக்காரா?"

"பேஷா இருக்கார்" என்கிறேன். வேறு என்ன சொல்ல, நீங்களே சொல்லுங்கள்?