நூறு பேர் எழுதச் சொன்னார்கள்

மனைவி இறந்த பிறகு மகளை அவளுடைய சித்தி கீழ்பென்னாத்தூருக்கு அழைத்துப் போய்விட்டாள். நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். ஒரு சவாரி போனால் மூன்று நாள், நான்கு நாள் ஆகும். பதினைந்து வயதுப் பெண்ணை வீட்டில் தனியாக விட முடியாது.

கொழுந்தியாள் கெட்டவள் இல்லை. "மாமா, உள்ளூர்ல ஒரு வேலை பாருங்க. சாயங்காலம் வீடு வந்து சேர்ற வேலையா பாருங்க. மறுநாளே நானே கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்" என்றாள். பத்து மாதமாகத் தேடினேன். கிடைக்கவில்லை.

செங்கம் ரோட்டில் ஒரு பேக்கரி. அதன் மாடியில் வீட்டு மனை விற்கிற கம்பெனி. மார்க்கெட்டிங் வேலைக்கு ஆள் தேவை, படிப்பு அவசியமில்லை என்று பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை. ஆறு என்பதை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே ஏறினேன்.

பெஞ்சில் எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கல்யாணத் தரகர். வெற்றிலை வாய்.

"இருபது வருஷம் பொண்ணு காட்டினேன். இனிமே பிளாட்டு காட்டலாம்னு வந்துட்டேன்" என்றார். "பிளாட்டு நல்லது. வேற யாரையோ பிடிச்சிருக்குன்னு அழாது."

சிரித்தேன். "நீங்க?" என்றார்.

"டிரைவர்."

"டிரைவரா? ஊர் பூரா தெரியுமே உங்களுக்கு."

எனக்குத் தெரிந்தது ரோடு. பங்க், டோல்கேட், வழியில் நல்ல டீ எங்கே கிடைக்கும் என்பது. மனிதர்களைத் தெரிந்தவள் என் மனைவிதான். வீட்டிலேயே தையல் போட்டிருந்தாள். வருவோர் போவோர் எல்லாரும் அவளோடுதான் பேசுவார்கள். நான் வந்தால் "அண்ணா, சவாரி முடிஞ்சிதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மறுபடி அவள் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

மேனேஜர் சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினார்.

"பைக் இருக்கா, அண்ணா?"

"இருக்குது சார்."

"வேலை ரொம்ப சிம்பிள். ஞாயித்துக்கிழமை நம்ம வேன் போகும். ஆளுங்களை ஏத்தி சைட்டைக் காட்டணும். மத்தியானச் சாப்பாடு நம்மளுது. வாங்கறதும் வாங்காததும் அவங்க இஷ்டம். ஆளைக் கொண்டாரது உங்க பொறுப்பு."

ஒரு கோடு போட்ட தாளைக் கொடுத்தார். "தெரிஞ்சவங்க நூறு பேர் எழுதுங்க. பேரு, ஊரு, போன் நம்பர். இதான் இன்டர்வியூ."

தரகர் பக்கத்து நாற்காலியில் மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தார். நான் பதினொன்று எழுதினேன். அதில் ஏழு பேர் டிரைவர்கள். பேனா நின்றுவிட்டது.

ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுபோயிருந்தேன். அந்த வருஷத்துக் காகிதம் மொத்தமும் அதில்தான் இருந்தது. இறப்புச் சான்றிதழும் இருந்தது. அதற்குப் பின்னால் மகள் எழுதிய தாள்கள் நான்கு. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பட்டியல். வீட்டில் உட்கார்ந்து அவள்தான் ஞாபகப்படுத்தி எழுதினாள். நூற்றுப் பன்னிரண்டு பேர். பத்திரிகை கொடுத்தவர்களுக்கு நேராக டிக்.

"இதைப் பார்த்து எழுதலாமா சார்?"

"தாராளமா."

எழுத ஆரம்பித்தேன். சில பெயருக்குப் பக்கத்தில் மகள் சின்னதாக 'துணி திருப்பணும்' என்று குறித்திருந்தாள். அவள் அம்மா வெட்டாமல் வைத்துவிட்டுப் போன ஜாக்கெட் துணிகள். பத்திரிகையோடு நான்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வரியை விட்டுவிட்டு, பெயரையும் நம்பரையும் மட்டும் எழுதினேன். தப்பு என்று அப்போது தோன்றவில்லை. ஆறு மணிதான் மனதில் இருந்தது.

மேனேஜர் என் தாளைப் பார்த்தார். பிறகு மகளின் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். யாருக்குச் சொந்தக் கடை, யாருக்குப் பென்ஷன் என்று கேட்டுக் கேட்டு நான்கு பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். மகளின் தாளிலேயே போட்டுவிட்டார்.

"இவங்களுக்கு இப்பவே ஒரு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. ஞாயித்துக்கிழமை வர முடியுமான்னு கேளுங்க போதும்."

முதல் வட்டம் அடி அண்ணாமலையில் டிபன் கடை வைத்திருக்கும் அம்மா. போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அண்ணா! வருஷம் திரும்புதில்ல? இப்பதான் நெனச்சேன், போன் வருதேன்னு. தெவசம் என்னைக்கு?"

"அது வந்தும்மா..." என்று இழுத்தேன்.

"பௌர்ணமியா இருக்குமோ? பௌர்ணமின்னாத்தான் கடையில கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி. பரவால்லண்ணா, கடையை மூடிட்டு வந்துடறேன். எனக்குக் கடைசியா தெச்சது அதுதான். அந்தப் பச்சை ஜாக்கெட்டு. அதைத்தான் போட்டுக்கிட்டு வருவேன். நீங்க நாளை மட்டும் சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

தரகர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். மேனேஜர் தாளைத் திருப்பி மேலே இருந்த தலைப்பைப் படித்தார். 'அம்மா காரியம்' என்று மகள் எழுதி அடியில் கோடு போட்டிருந்தாள்.

"சாரிண்ணா" என்றார். தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம், "தப்பா எடுத்துக்காதீங்க. கடையை மூடிட்டு வரேன்றாங்க. எங்க டீம்ல எவன் கூப்பிட்டாலும் இப்படி ஒரு வார்த்தை வராது. ஞாயித்துக்கிழமைக்குப் பதினஞ்சு பேரை வேன்ல ஏத்துங்க. திங்கக்கிழமை உங்களுக்கு வேலை ஆர்டர்" என்றார்.

"சரி சார்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மகளை அழைத்துவரலாம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது வட்டத்துக்குப் போட்டேன். பென்ஷன் வாங்கும் டீச்சர். எடுத்ததும், "சொல்லுப்பா, நாள் குறிச்சாச்சா?" என்றார். என் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்த மாதிரி இவரும் அதையேதான் கேட்டார். டீச்சரிடமும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு ஐயரிடம் போய் நாள் கேட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை என்றார். திரும்பி வந்து டீச்சருக்குச் சொன்னேன். டிபன் கடை அம்மாவுக்குச் சொன்னேன். அப்படியே வரிசையாக மற்றவர்களுக்கும். இரண்டு நாள் ஆயிற்று. நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரிடம்கூட மனை என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார்.

"எத்தனை பேர் அண்ணா?"

"யாரும் இல்ல சார்."

"ஒருத்தர்கூடவா?"

"இல்ல சார்."

"அந்தத் தரகர் பதினெட்டு பேர் கொண்டாந்திருக்காரு" என்றார். திட்டவில்லை. "சரி விடுங்க" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை நிறையப் பேர் வந்தார்கள். மகளும் முதல் நாளே வந்துவிட்டாள். டிபன் கடை அம்மா பச்சை ஜாக்கெட்டில் வந்து படத்துக்குப் பூ வைத்தார். போகும்போது, "அன்னைக்கு போன்ல வேற என்னமோ சொல்ல வந்தீங்களேண்ணா" என்றார்.

"ஒண்ணும் இல்லம்மா. சாப்ட்டீங்களா?"

மகள் பழைய தாளை எடுத்து, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருப்பா வட்டம் போட்டது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"இவங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு."

அவள் அந்த வட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உன்கிட்ட ஏது செவப்புப் பேனா?" என்றாள். நான் பந்தல்காரரைக் கவனிக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் கொழுந்தியாள் கிளம்பும்போது, "மாமா, போன்ல சொன்னீங்களே, அந்த வேலை?" என்றாள்.

"ஒத்து வரல."

மகள் பையை எடுத்துக்கொண்டாள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் எனக்கு மதுரை சவாரி இருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"பார்த்து ஓட்டுப்பா" என்றாள்.