பக்கத்து இருக்கையின் குளிர்

அரிசோனா பாலைவனத்து ஊரான யூமாவில் வெயில் ஏறிவிட்டால் நெல்டாவைத் தேடித்தான் வண்டிகள் வரும். இருபத்தாறு வருடமாகக் கார் ஏசிதான் அவள் பிழைப்பு. கருவி காட்டுவதைத்தான் நம்புவாள். புருஷன் சொல்வதைக்கூட இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் நம்புவாள்.

அந்த ஜூன் மத்தியானம் வெண்டல் என்ற கிழவர் பழைய நீலக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"ஏசி எப்படி இருக்குன்னு பாரும்மா. வண்டிய வித்துடலாம்னு இருக்கேன்."

"பாத்துடலாம் பெரியவரே. மொதல்ல நிழல்ல உக்காருங்க, மூஞ்சி செவந்து கெடக்கு."

நெல்டா காரைக் கூரைக்கடியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கினாள். நாலு கதவையும் திறந்துவைத்தாள். ஏசி துவாரங்களை நேராகத் திருப்பி, நடுத் துவாரத்தில் வெப்பமானியைச் செருகினாள். பிறகு முன்பக்கம் போய் அழுத்தமானியின் குழாய்களை மாட்டினாள். முள் இரண்டும் அசையவில்லை. சொட்டு கேஸ் இல்லை.

திரும்பி வந்தால், துவாரங்கள் அத்தனையும் பக்கத்து இருக்கையை நோக்கித் திரும்பியிருந்தன.

கிழவர் தூரத்து பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கொட்டகையில் வேறு ஆளும் இல்லை. நெல்டா அவற்றை நேராக்கிவிட்டு, குழாய்களை இன்னொரு தரம் இறுக்கப் போனாள். வந்து பார்த்தால் மறுபடி அதே கதை.

என்ஜினைக் கிளப்பி, விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். கம்ப்ரஸர் சுற்றவேயில்லை. ஓட்டுநர் பக்கம் அனல் அடித்தது. பக்கத்து இருக்கைக்கு மேலே கையை நீட்டியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வெப்பமானியைப் பிடுங்கி அங்கே பிடித்தாள். தண்ணீர் உறைய இன்னும் ஆறு டிகிரிதான் பாக்கி.

"பெரியவரே, இந்த சீட்டுல யாரு உக்காருவாங்க?"

கிழவர் மெல்ல எழுந்து வந்தார். "மே மாசம் கண்ண மூடற வரைக்கும் லவினா, எம் பொண்டாட்டி. காத்து முழுக்க தன் பக்கமே திருப்பிக்குவா. எனக்கும் கொஞ்சம் விடுடின்னு கத்துவேன். நீதான் வெறகுக்கட்டையாச்சே, உனக்கெதுக்கு காத்துன்னு கேப்பா." சிரித்தவர் நெல்டாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா?"

நெல்டா அவர் கையைப் பிடித்து அந்த இருக்கைக்கு மேலே நீட்டினாள்.

கிழவர் கையை எடுக்கவேயில்லை.

"கேஸ் அடைக்க வேணாம்மா. வண்டி விக்கிறதுக்கில்ல."

குழாய்களைக் கழற்றும்போது நெல்டா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கிழவர் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிக்கொண்டு, வேர்வை வழிய வழிய, கொளுத்தும் வெயிலில் ஓட்டிப் போனார். பக்கத்து இருக்கையின் கண்ணாடியில் மட்டும் பனி படிந்திருந்தது.